ஒளிக்கு ஒலி சேர்த்த ஏவி.எம்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்



ஆண்டு மலர் என்றால் விஸ்வேஸ்வரய்யா, எடிசன், அப்துல் கலாம் என்று யாராவது ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். நானும் ஒரு வாழ்க்கை வரலாறுதான் எழுத வந்திருக்கிறேன். ஆனால் இவர் விஞ்ஞானியும் இல்லை, எஞ்சினீயரும் இல்லை. காரைக்குடியில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஏவி.எம். என்ற மூன்றெழுத்தில் தமிழ்நாடே அறிந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார் அவர்கள்!

சினிமாக்காரருக்கும் நம் பாலிடெக்னிக்குக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் ஹாஸ்டல் பசங்களிலும், தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் ராஜபாளையம் வரும் கூட்டத்திலும் சிலருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஜப்பான் கார்ட்டூன் படங்களை, அதாவது அனிமேயை, கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வெட்டுவோம். வெட்டியதை எழுபதுகளில் வந்த பழைய ராக் பாட்டு ஒன்றுக்கு ஏற்றபடி வரிசைப்படுத்தி ஒட்டுவோம். டிரம் அடி விழும் இடத்தில் வாள் விழ வேண்டும். கிடார் இழுக்கும் இடத்தில் மேகம் நகர வேண்டும். நாலு நிமிஷப் பாட்டுக்கு நாலு வாரம் ராத்திரி முழித்தவர்களும் நம்மில் உண்டு. இதற்கு ஏ.எம்.வி. என்று பெயர். இது இன்று நேற்று வந்ததல்ல. 1982-இல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற அமெரிக்க இளைஞர் இரண்டு வி.சி.ஆர்.களை ஒன்றோடொன்று இணைத்தார். ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ என்ற அனிமேயின் சண்டைக் காட்சிகளாகப் பொறுக்கி எடுத்து, அன்பைப் பற்றிய பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுக்கு ஒட்டினார். அதுதான் இந்தக் கலையின் முதல் படைப்பு என்று சொல்லப்படுகிறது.

இதைச் செய்கிறவர்களை வீட்டிலும் வெளியிலும் இரண்டு கேள்விகள் துரத்துகின்றன. ஒன்று, படம் ஜப்பான்காரன் வரைந்தது, பாட்டு இங்கிலீஷ்காரன் பாடியது, இதில் நீ செய்த வேலை என்ன என்பது. இரண்டாவது, அடுத்தவன் சொத்தை எடுத்து ஒட்ட உனக்கு யார் உரிமை கொடுத்தது என்பது. நம் நண்பர் ஒருவர் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த வீடியோ, உரிமைப் பிரச்சினையால் பாட்டு அழிக்கப்பட்டு ஊமைப்படமாக நின்றது. பாவம், மனுஷன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் பல ஆண்டுகளுக்கு முன்பே, இதைவிடப் பெரிய அளவில், சொந்தப் பணத்தைப் போட்டுச் சந்தித்தவர் மெய்யப்ப செட்டியார். அதனால்தான் அவர் கதை நமக்கு வேண்டும்.

இசைத்தட்டில் தொடங்கிய வாழ்க்கை

1907-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி காரைக்குடியில் நகரத்தார் குடும்பம் ஒன்றில் மெய்யப்பர் பிறந்தார். தந்தை ஆவிச்சி செட்டியார். ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற குடும்பக் கடையில் கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்றார்கள். இளவயதிலேயே கடையில் நின்ற மெய்யப்பருக்கு ஒரு யோசனை. அடுத்தவர் தயாரித்த தட்டை விற்பதைவிட நாமே தட்டு தயாரித்தால் என்ன?

சென்னைக்குப் போனார். கூட்டாளிகளோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஓடியன் என்ற வெளிநாட்டு இசைத்தட்டுக் கம்பெனியோடு ஏற்பாடு செய்துகொண்டு பாட்டுகளையும் நாடகங்களையும் பதிவு செய்து விற்றார்.

அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான் அடங்கும். அதாவது 234 சுற்றுக்குள் பாடகர் தன் வித்தையெல்லாம் காட்டியாக வேண்டும். மூன்று நிமிஷத்தில் கேட்பவனைப் பிடித்து நிறுத்தும் பாட்டு எது, நழுவ விடும் பாட்டு எது என்ற கணக்கு மெய்யப்பருக்கு இந்த வியாபாரத்தில்தான் படிந்தது. பின்னாளில் அவரைக் காப்பாற்றியது இந்தக் காதுதான்.

முதலில் விழுந்தது அடி

தமிழ் சினிமா 1931-இல் பேசத் தொடங்கியது. 1935-இல் மெய்யப்பர் ‘அல்லி அர்ஜுனா’ படத்தைத் தயாரித்தார். தோல்வி. அதே வருஷம் ‘ரத்னாவளி’. அதுவும் தோல்வி. இசைத்தட்டில் சேர்த்ததை சினிமாவில் விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வேறொருவராக இருந்தால் கடைக்கே திரும்பியிருப்பார். இவர் திரும்பவில்லை.

அன்றைய படப்பிடிப்பைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நடிப்பவரே கேமரா முன்னால் பாட வேண்டும். ஆர்மோனியமும் தபலாவும் கேமரா கண்ணுக்குப் படாமல் செட்டுக்குப் பின்னாலோ மரத்துக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசிக்க வேண்டும். முகமும் குரலும் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டும். முகம் இருந்தால் குரல் இருக்காது. குரல் இருந்தால் முகம் இருக்காது. தயாரிப்பாளர் என்ன செய்வார்?

1938-இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் மெய்யப்பர் இந்த முடிச்சை அவிழ்த்தார். நடிகையின் பாட்டு திருப்தியாக இல்லாததால், லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைப் பாடவைத்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். தமிழில் பின்னணி பாடும் முறை இந்தப் படத்தில்தான் தொடங்கியது என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் பாட்டாலேயே புகழ்பெற்ற டி.ஆர். மகாலிங்கம் சிறுவனாக அறிமுகமானதும் இதே படத்தில்தான். ஒருவர் முகம், இன்னொருவர் குரல். இன்று நமக்கு இது சர்வ சாதாரணம். அன்றைக்கு அது பெரிய துணிச்சல்!

1941-இல் ‘சபாபதி’ என்ற சிரிப்புப் படம் வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அடித்த லூட்டியை இன்று பார்த்தாலும் சிரிப்பு வரும்.

இருபது பிரேம் இடைவெளி

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நம் பாடத்துக்கு வருவோம். படத்தோடு ஒலியை ஒட்டுவது ஏன் கஷ்டம்?

35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். ஒரு செகண்டுக்கு 24 பிரேம் ஓடும். கணக்குப் போட்டால் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி. மூன்று நிமிஷப் பாட்டு என்றால் 270 அடி. புரொஜெக்டரில் படம் காட்டும் இடத்தில் பிலிம் ஒவ்வொரு பிரேமாக நின்று நின்று போகும். நின்றால்தான் படம் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒலியைப் படிக்கும் இடத்தில் நிற்காமல் சீராக ஓட வேண்டும். நின்றால் ஒலி கெட்டுவிடும். அதனால் இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு காட்சிக்குரிய ஒலி, பிலிமில் அந்தக் காட்சிக்கு நேராக இருக்காது. சுமார் 20 பிரேம் தள்ளிப் பதிவாகியிருக்கும். இந்த இடைவெளி சரியாக இருந்தால்தான் உதடும் குரலும் சேரும்.

இரண்டு பிரேம் தவறினால் 83 மில்லி செகண்ட். இவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லி செகண்டிலேயே மனிதர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. ஏன் இந்த ஓரவஞ்சனை? நாம் சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், நமக்குச் சொல்லியா தர வேண்டும்! தூரத்தில் வெடி வெடித்தால் வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. சத்தம் பிந்தி வருவது இயற்கை, பிறந்ததிலிருந்து பழகிவிட்டோம். முந்தி வருவது இயற்கையில் கிடையாது. அதனால்தான் உறுத்துகிறது. ஏ.எம்.வி. செய்யும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டு எப்போதாவது தவறினால், படம் ஒரு பிரேம் முந்தட்டும், பாட்டு முந்த வேண்டாம்.

இந்தக் கணக்கோடு மெய்யப்பரின் அடுத்த இரண்டு படங்களைப் பாருங்கள்.

முதலாவது ‘ஹரிச்சந்திரா’. 1943-இல் கன்னடத்தில் வந்த படத்தை 1944-இல் தமிழ் பேச வைத்தார். ஒரு இந்திய மொழிப் படம் இன்னொரு இந்திய மொழிக்கு டப் செய்யப்பட்டது இதுவே முதல் முறை என்பார்கள். டப்பிங்கில் உதடு ஏற்கெனவே அசைந்து முடிந்துவிட்டது. ப, ம போன்ற எழுத்துகளுக்கு உதடு மூடும். கன்னடத்தில் உதடு மூடிய இடத்தில் தமிழிலும் உதடு மூடும் சொல்லாகத் தேட வேண்டும். அர்த்தமும் கெடக் கூடாது. சின்ன வயதில் டி.வி.யில் ஜப்பான் கார்ட்டூன்கள் தமிழ் பேசியதைக் கேட்டு வளர்ந்தோமே, அந்த வித்தைக்கு நம் நாட்டுத் தொடக்கம் இதுதான்.

இரண்டாவது, 1945-இல் வந்த ‘ஸ்ரீவள்ளி’. என்னைக் கேட்டால் மெய்யப்பரின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு படத்தில் இருக்கிறது. டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மணி வள்ளி. நடிப்பில் ருக்மணி சோடை போகவில்லை. ஆனால் மகாலிங்கத்தின் கணீர்க் குரலுக்குப் பக்கத்தில் ருக்மணியின் பாட்டு எடுபடவில்லை என்று மெய்யப்பர் காதுக்குப் பட்டது. படம் எடுத்தாகிவிட்டது. பணம் செலவாகிவிட்டது. போதும் என்று விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் விடவில்லை. பி.ஏ. பெரியநாயகியை அழைத்து வள்ளியின் பாட்டுகளைத் திரும்பப் பாடவைத்து, ருக்மணியின் உதட்டசைவோடு ஒட்டினார்.

பின்னணிப் பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பின்னணிப் பாட்டில் முதலில் பாட்டைப் பதிவு செய்வார்கள். அதைப் படப்பிடிப்பில் ஓடவிட்டு நடிகை வாயசைப்பார். தவறினால் இன்னொரு டேக் எடுக்கலாம். இங்கே தலைகீழ். உதடு மாறாது. எந்த இடத்தில் ருக்மணி மூச்சு வாங்கினாரோ அந்த இடத்தில்தான் பெரியநாயகியும் மூச்சு வாங்க வேண்டும். எங்கே இழுத்தாரோ அங்கே இழுக்க வேண்டும். அதற்குள் தன் சங்கீதத்தையும் காட்ட வேண்டும். எடுத்து முடித்த படத்துக்கு வேறு ஒலி சேர்ப்பது! இதைத்தானே நண்பர்களே, நாமும் ராத்திரி உட்கார்ந்து செய்கிறோம்? நமக்கு ஒரு கட்டளையில் பின்னால் போக முடிகிறது. அவர்களுக்குப் பிலிமும் கத்தரியும் காதும்தான். படம் பெரிய வெற்றி பெற்றது.

ஆக, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நம் ஊர் தறிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பாவு ஒரு மில் நூல், ஊடை இன்னொரு மில் நூல். அதற்காகத் துணி தானாக நெய்துகொண்டது என்று யாராவது சொல்வார்களா? ஒட்டுவதும் ஒரு தொழில்தான். அதிலும் சரியாக வரும்வரை விடாமல் ஒட்டுவது பெரிய தொழில்.

கீற்றுக் கொட்டகையில் ஒரு ஸ்டூடியோ

1945 அக்டோபரில் ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் பிறந்தது. யுத்த காலத்து நெருக்கடியில் சென்னையில் ஸ்டூடியோ நடத்த மின்சாரம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. மெய்யப்பர் சொந்த ஊர்ப் பக்கமே வந்துவிட்டார். காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டு ஸ்டூடியோ அமைத்தார். வசதி வந்த பிறகு வேலை தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நம் லேப்பில் சிஸ்டம் பழசாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அந்தக் கொட்டகையில் உருவான ‘நாம் இருவர்’ 1947 பொங்கலுக்கு வெளிவந்தது. நாடு விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. பாரதியார் பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். பட்டம்மாளின் குரல், கமலாவின் அபிநயம், பாரதியின் சொல். மூன்று பேரும் மூன்று இடம். திரையில் பார்த்தவர்களுக்கு ஒரே உயிராகத் தெரிந்தது. தமிழ்நாடே அந்தப் படத்தைக் கொண்டாடியது.

பாட்டு யாருடையது?

இப்போது இரண்டாவது கேள்வி. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை ஒரு வியாபாரியிடம் போயிருந்தது. அதை மெய்யப்பர் விலை கொடுத்து வாங்கினார். அதாவது, நம் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த கவிஞனின் பாட்டை இசைத்தட்டிலோ சினிமாவிலோ பயன்படுத்த வேண்டுமானால் ஏவி.எம்.மின் அனுமதி வேண்டும்! 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். மெய்யப்பர் வழக்குப் போட்டார்.

சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியவர். ஆனால் ஜனங்களுக்கு மனசு கேட்கவில்லை. பாரதி என்ன ஒருவர் வீட்டுச் சொத்தா என்று எழுத்தாளர்களும் தேசபக்தர்களும் கேட்டார்கள். பாரதி பாடல்களை நாட்டுடைமை ஆக்க வேண்டும் என்ற குரல் முன்பே இருந்தது. வழக்குக்குப் பிறகு அது பலத்தது.

கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? மெய்யப்பர் தம்மிடம் இருந்த உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. 1949-இல் சென்னை அரசு பாரதியின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. பிறகு அவை மக்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்தாயின. ஒரு கவிஞனின் எழுத்து முழுவதையும் அரசே ஏற்று ஜனங்களுக்குக் கொடுத்தது நம் நாட்டில் அதற்கு முன் நடந்ததில்லை. அதே 1949 ஏப்ரலில்தான் நம் ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணப் பிரதமராகப் பதவியேற்றார் என்பது நமக்கு ஒரு பெருமை. தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். கொடுக்கத் தெரிந்தவர்கள் இருந்த காலம் அது!

மெய்யப்பர் வழக்குப் போட்டதை நான் மறைக்கவில்லை. மறைத்தால் இது வரலாறு இல்லை. உரிமையை விலைக்கு வாங்கிப் பூட்டி வைத்ததும் அவர்தான், பூட்டைத் திறந்து கொடுத்ததும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்குப் பாடம். உழைத்தவனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை என்றைக்காவது ஒருநாள் ஊருக்கு வந்து சேரவும் வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. கவிஞருக்கு வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டும். சினிமாவுக்கும் இசைத்தட்டுக்கும் வெளியான பின் 60 ஆண்டு. அதன் பிறகு பொதுச் சொத்து. நாம் வெட்டி ஒட்டும் அனிமேயும் எழுபதுகளின் ராக் பாட்டும் இன்னும் அந்த வரம்புக்குள் வரவில்லை. அதனால் யாராவது நம் வீடியோவில் பாட்டை அழித்தால் கோபம் வரலாம்; அநியாயம் என்று சொல்ல முடியாது. குறைந்தபட்சம் வரைந்தவர் பெயரையும் பாடியவர் பெயரையும் போடுவதும், அதை வைத்துக் காசு பார்க்காமல் இருப்பதும் நம் கடமை.

பாட்டில்லாத படமும் எடுத்தார்

1948-இல் ஸ்டூடியோ சென்னை கோடம்பாக்கத்துக்கு இடம் மாறியது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1949-இல் ‘வாழ்க்கை’ படத்தில் வைஜயந்திமாலா, 1952-இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசன், 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசன் என்று அறிமுகப் பட்டியல் நீளம். தெலுங்கு, கன்னடம், இந்தி என்று எல்லா மொழியிலும் படம் எடுத்தார்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. இசைத்தட்டு விற்றுப் பிழைப்பைத் தொடங்கிய அதே மனிதர், 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ‘அந்த நாள்’ படத்தைத் தயாரித்தார். அதில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது! பாட்டு எங்கே வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் எங்கே வேண்டாம் என்பதும் தெரியும். எல்லாப் பிரேமையும் டிரம் அடியில் வெட்டித் தள்ளும் நம் பசங்களுக்கு இது நல்ல பாடம்.

1979 ஆகஸ்ட் 12-ஆம் தேதி மெய்யப்ப செட்டியார் காலமானார். நம்மில் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. நம் பெற்றோரே சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.

ஒரு வேண்டுகோள்

மாணவர் மன்றத்துக்கு இந்த மலரின் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு போட்டி நடத்துங்கள். பாட்டு பாரதியுடையது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எழுபது வருஷத்துக்கு முன்பே நமக்குக் கொடுத்துவிட்டார்கள். பாடுவது நம் கல்லூரிப் பிள்ளைகள். கிடாரும் டிரம்மும் வைத்து ராக் பாணியில் பாடட்டும், பாரதி கோபிக்க மாட்டார். படம் வரைவதும் நம்மவர்களே. செகண்டுக்கு 24 படம் வேண்டியதில்லை. ஜப்பான்காரர்களே பல காட்சிகளுக்கு 12, சில சமயம் 8 படம் வரைந்துதான் ஓட்டுகிறார்கள். மெக்கானிக்கல் டிராயிங்கில் விரல் தேய்ந்த நம் நண்பர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஒட்டுகிற வேலையை எங்களிடம் விடுங்கள்.

அப்படிச் செய்த வீடியோவில் யாரும் ஒலியை அழிக்க முடியாது. அது முழுக்க முழுக்க நம்முடையது.

உதடும் குரலும் சேரும்வரை விடாத மெய்யப்பரின் பிடிவாதம் நமக்கும் வரட்டும். சேர்த்து வைத்ததை ஊருக்குக் கொடுத்த அவருடைய மனசும் வரட்டும்.

வளர்க நம் மாணவர் மன்றம்! வாழ்க தமிழ்!